போர்வைக்கு ஏது சூடு?

"அத்தை, இது ஜில்லுன்னுதானே இருக்கு. சூடே இல்லையே!"

அண்ணன் மகள் தரம் 6 படிக்கிறாள். டிசம்பர் விடுமுறைக்குக் குண்டசாலையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கட்டிலுக்கு அடியில் கிடந்த டிரங்குப் பெட்டியை இழுத்துத் திறந்தேன். காய்ந்த வேப்பிலை வாசத்தோடு என் அப்பாயியின் போர்வை வெளியே வந்தது. "உன் பூட்டி தைச்ச போர்வை. இதைப்போல சூடான போர்வை உலகத்துலயே கிடையாது" என்று நாங்கள் எல்லோரும் அவளிடம் சொல்லி வைத்திருந்தோம். அவள் ஆசையோடு கன்னத்தை அதில் பதித்தாள். பதித்த மறுநொடியே இப்படிக் கேட்டுவிட்டாள்.

நல்ல கேள்வி. போர்வை உண்மையிலேயே ஜில்லென்றுதான் இருந்தது. வெளியே மகாவலிப் பக்கமிருந்து மூடுபனி ஏறி, முற்றத்துக் கொக்கோ மரத்தைப் பாதி விழுங்கியிருந்தது. டிசம்பரிலும் ஜனவரியிலும் குண்டசாலையின் விடியற்காலை 20 பாகை செல்சியசுக்கும் கீழே இறங்கிவிடும்.

"அளந்து பார்ப்போமா?" என்றேன்.

காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. அதன் கோடுகள் 35 பாகையில்தான் தொடங்கும். அறை வெப்பநிலை காட்டும் சிவப்புத் திரவ வெப்பமானி ஒன்று வீட்டில் இருந்தது. முதலில் அதை மேசைமேல் வைத்தோம். 19 பாகை. பிறகு நாலாக மடித்த போர்வையின் நடுவில் செருகி அரை மணி நேரம் விட்டோம். எடுத்துப் பார்த்தால் அதே 19.

"அப்ப எல்லாரும் பொய்யா சொன்னீங்க?"

பொய் இல்லை. நம் பேச்சில்தான் ஒரு சின்னக் குழப்பம். போர்வைக்குள் அடுப்பு கிடையாது. அடுப்பு நீதான். நீ சாப்பிட்ட சோறும் பருப்பும் உடம்பின் கலங்களுக்குள் ஒட்சிசனோடு சேர்ந்து, சுவாலை இல்லாமல், மெதுவாக எரிகின்றன. தூங்கும்போதுகூட வளர்ந்த ஒருவரின் உடம்பு ஏறக்குறைய 80 வாட் வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அந்தக் காலத்துக் குண்டு மின்குமிழைத் தெரியாமல் தொட்டுக் கைசுட்ட பெரியவர்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். கிட்டத்தட்ட அந்த அளவு வெப்பம்!

போர்வை இல்லாமல் படுத்தால் அந்த வெப்பம் எங்கே போகும்? தோலை ஒட்டிய காற்று சூடாகி மேலே எழும்பும். அந்த இடத்துக்குக் குளிர்ந்த காற்று வரும். அதையும் நீ சூடாக்க வேண்டும். அதுவும் எழும்பிப் போய்விடும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்புகிற கதை. போர்வை செய்வது ஒரே வேலைதான். காற்றை ஓடவிடாமல் பிடித்து வைக்கிறது. அசையாமல் நிற்கும் காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி. தண்ணீர் அதைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகக் கடத்திவிடும். நல்ல போர்வை என்பது துணியால் கட்டிய காற்றுவீடு. இழைகள் சுவர்கள், உள்ளே குடியிருப்பது காற்று.

இதை இன்னொரு விதமாகவும் சோதித்தோம். ஒரே அளவுள்ள இரண்டு ஐஸ்கட்டிகளை இரண்டு சிறிய பொலித்தீன் பைகளில் கட்டினோம். ஒன்றைத் தட்டில் வைத்தோம். மற்றொன்றைப் போர்வைக்குள் பொதிந்தோம். எது முதலில் உருகும் என்று கேட்டதற்கு, "போர்வைக்குள்ள இருக்கிறதுதான், வெக்கையில உருகிடும்" என்றாள். தட்டில் இருந்தது தண்ணீராகி வெகுநேரம் ஆனபிறகும் போர்வைக்குள் இருந்தது கட்டியாகவே கிடந்தது. உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாத வீடு, வெளியே இருக்கும் சூட்டையும் உள்ளே விடாது. ஐஸ்கட்டியை மரத்தூளில் புதைத்துச் சாக்குப் போட்டு மூடி விற்ற வியாபாரிகளுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது.

அதன்பிறகு அவள் போர்வையை விடவில்லை. தரையில் விரித்து, என் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு துப்பறியத் தொடங்கிவிட்டாள். அதன் உடம்பு முழுவதும் தடயங்கள்தான். ஒரு மூலையில் ஐந்து சதக் காசளவு கருப்பு வட்டம். நடுவில் ஒரு கிழிசல். மூன்று ஓரங்கள் மடித்துத் தைத்திருக்க, நாலாவது ஓரம் மட்டும் கத்தரியால் வெட்டியதுபோல் நேராக, நூல் பிரிந்து தொங்கியது.

கிழிசலுக்குள் எட்டிப் பார்த்தோம். மேலே பருத்திச் சேலை, இரண்டு மடிப்பு. கீழேயும் அப்படியே. நடுவில் தடித்த கறுப்புக் கம்பளி. அந்தக் கம்பளியில் மட்டும் அரிசி அரிசியாகப் பொட்டு ஓட்டைகள். அதை ஒட்டியிருந்த சேலையில் ஓர் ஓட்டைகூட இல்லை.

"யாரு அத்தை இது? உள்ள இருக்கிறதை மட்டும் தின்னுட்டு வெளிய இருக்கிறதைத் தொடாத ஆளு?"

அந்துப்பூச்சியின் புழு. பருத்தி என்பது பருத்தி விதையின் மேல் முளைக்கும் மயிர், செலுலோசு என்ற பொருளால் ஆனது. மரமும் காகிதமும்கூட பெரும்பாலும் அதே செலுலோசுதான். கம்பளியோ செம்மறியாட்டின் உடம்பில் முளைத்தது. கெரற்றின் என்ற புரதத்தால் ஆனது. உன் நகம், தலைமுடி, மாட்டின் கொம்பு, கோழி இறகு எல்லாம் அந்தக் கெரற்றின்தான். விலங்குகளில் பெரும்பாலானவற்றால் கெரற்றினைச் செரிக்க முடியாது. துணி அந்தின் புழுவால் முடியும். செலுலோசை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே சேலை தப்பியது. கஞ்சி போட்ட பருத்தித் துணியையும் பழைய புத்தகத்தையும் அரிக்கும் இராமபாணப் பூச்சிக்கு ருசி வேறு. ஓட்டையைப் பார்த்தே துணியின் வேதியியலை ஓரளவு சொல்லிவிடலாம்.

சரி, குண்டசாலையில் இருக்கும் நமக்குத் தடித்த கறுப்புக் கம்பளி எதற்கு?

அப்பாயி இங்கே பிறந்தவர் அல்ல. கிழக்கே தெரியும் நக்கிள்ஸ் மலைத்தொடரின் மடியில், ரங்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறித்தவர். குண்டசாலை கடல்மட்டத்திலிருந்து சுமார் 450 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்தத் தோட்டம் ஆயிரம் மீற்றர் உயரத்தில். ஆயிரம் மீற்றர் ஏறினால் காற்று ஏறக்குறைய ஆறரை பாகை குளிரும். கணக்குப் போட்டால், நமக்கும் அப்பாயியின் லயத்துக்கும் (தோட்டத்து வரிசைவீட்டுக்கும்) இடையே மூன்றரை பாகைதான் வித்தியாசம் வரும். ஆனால் மலையில் குளிர் தனியே வராது. காற்றையும் மழையையும் கூட்டிக்கொண்டு வரும்.

மலைநாட்டுக்குத் தென்னிந்தியத் தமிழர்கள் கூலி வேலைக்கு வரத் தொடங்கியது 1820களில், கோப்பித் தோட்டங்கள் தொடங்கிய காலத்தில். மன்னாரில் இறங்கி, காட்டு வழியே நாட்கணக்கில் நடந்து வந்தார்கள். வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். 1867 இல் கண்டிக்குத் தெற்கே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869 இல் கோப்பி இலைகளில் துருநோய் தலைகாட்டியது. அது ஒரு பூஞ்சணம். அடுத்த இருபது ஆண்டுக்குள் இலங்கையின் கோப்பியைத் தின்று தீர்த்தது. மலைகள் எல்லாம் தேயிலையாயின. பயிர் மாறினாலும் வேலையாட்களின் முதுகில் கம்பளி மாறவில்லை. தோட்டத்தில் அரிசியோடு கம்பளியும் கொடுப்பார்கள். இலவசமாக அல்ல, விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வது வழக்கம். துரைமார் அதைத் தங்கள் கணக்குப் புத்தகங்களில் 'கம்ப்ளி' என்று எழுதினார்கள். நம்முடைய சொல்லையே எடுத்து ஆங்கிலத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

விடியுமுன்பே, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்குப் போய் நிற்க வேண்டும். இடுப்பில் படங்கு, முதுகில் கூடை, தலையிலிருந்து முதுகுவரை கம்பளி. கூடைக் கயிறு உச்சந்தலையில் உட்காரும். நிறைந்த கூடை பத்துப் பதினைந்து கிலோ இருக்கும். அந்தப் பாரம் முழுவதும் மெல்லிய கயிற்றின் வழியாகத் தலையில் இறங்கினால் எப்படி வலிக்கும் என்று ஒரு புத்தகப் பையின் வாரைத் தலையில் மாட்டிப் பாருங்கள். மடித்த கம்பளியைக் கயிற்றுக்கு அடியில் கொடுத்தால் அதே பாரம் அகலமான இடத்தில் பரவும். விசை மாறாது, பரப்பளவு கூடும், அமுக்கம் குறையும். இந்தச் சூத்திரத்தை அப்பாயி எந்தப் பாடசாலையிலும் படிக்கவில்லை. படிக்க அனுப்பவும் இல்லை.

இப்போது மழைக்கு வருவோம். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

பருத்திச் சேலை நனைந்தால் என்ன ஆகும்? இழைகளுக்கு நடுவே இருந்த காற்றைத் தண்ணீர் விரட்டிவிட்டு அங்கே குடியேறும். தண்ணீர் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் என்று சொன்னேன் அல்லவா? துணி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். ஈரம் ஆவியாகும்போது அதற்கு வேண்டிய வெப்பத்தையும் நம் உடம்பிலிருந்தே எடுக்கும். நனைந்த பருத்தியோடு மலைக்காற்றில் நிற்பது, ஒன்றும் உடுத்தாமல் நிற்பதைவிடக் கொடுமையாக இருக்கலாம்.

கம்பளி இழை வேறு மாதிரி. நுண்ணோக்கியில் பார்த்தால் அதன் மேல் மீன் செதில்போல அடுக்கடுக்காகச் செதில்கள் தெரியும். செதில்களின் மேற்புறத்தில் மெல்லிய கொழுப்புப் படலம் இருக்கிறது. மழைத்துளி அதன்மேல் சேம்பிலையில் விழுந்த தண்ணீர்போல உருண்டு நிற்கும். உதறினால் போய்விடும். ஆனால் நீராவியாக வரும் ஈரத்தை இழை தன் உடம்புக்குள் உறிஞ்சிக்கொள்ளும். தன் எடையில் ஏறக்குறைய 30 வீதம்வரை உறிஞ்சிய பிறகும், தொட்டால் ஈரம் தெரியாது. இரண்டு கிலோக் கம்பளி 600 கிராம் நீரை ஒளித்து வைத்திருக்கும்! அதோடு இன்னொரு அதிசயம் இருக்கிறது. நீர் மூலக்கூறுகள் கெரற்றினோடு பிணையும்போது கொஞ்சம் வெப்பம் வெளியாகும். மூடுபனிக்குள் நுழையும் காய்ந்த கம்பளி, ஈரத்தைக் குடிக்கும்போதே சற்றுச் சூடாகும். போர்வைக்கு ஏது சூடு என்று கேட்டோமே, இங்கே மட்டும் கம்பளி தன் பங்குக்குச் சிறிது தருகிறது.

இழைகள் நேராக இராமல் நெளிநெளியாக இருப்பதும் காரணமாகத்தான். நேரான நூல்களை அடுக்கினால் அவை ஒன்றோடொன்று படுத்துவிடும். நெளிந்தவை படுக்காது. நடுவில் காற்றுக்கு எப்போதும் இடம் இருக்கும். நனைந்தும், கசங்கியும், மறுபடி நிமிர்ந்தும் பல வருடம் உழைக்கும் கம்பளியில் செதில்கள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டு துணி இறுகும். மழை எளிதில் புகாது. புதுக் கம்பளியைவிடப் பழங்கம்பளியையே தோட்டத்துப் பெண்கள் விரும்பியதாக அப்பாயி சொல்வார்.

ஹந்தானையில் 1925 இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை 2001 முதல் தேயிலை அருங்காட்சியகமாக இருக்கிறது. கண்டிக்கு வந்தால் கட்டாயம் போய்ப் பாருங்கள். ஆளுயர இயந்திரங்களை அங்கே வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். அவற்றின் முன்னால் நிற்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கம்பளிதான் நினைவுக்கு வரும். மலையிலிருந்து கொழுந்தைக் கொண்டுவந்து சேர்த்தது இதை உடுத்திய முதுகுகள் அல்லவா?

"சரி அத்தை, கம்பளியே இவ்வளவு நல்லதுன்னா மேல எதுக்குச் சேலை?"

பதில் சொல்லாமல் கிழிசல் வழியே அவள் விரலைக் கம்பளியில் வைத்துத் தேய்த்தேன். "ஆ! குத்துது!"

அதனால்தான். தென்னிந்திய நாட்டுச் செம்மறியின் மயிர் தடிப்பானது. ஒரு மீற்றரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் வருவது ஒரு மைக்ரோமீற்றர். 30 மைக்ரோமீற்றருக்கு மேல் தடித்த இழையின் முனை, தோலில் பட்டால் வளைந்து கொடுக்காது, ஊசிபோல நின்று நரம்பு முனையைக் குத்தும். மெரினோ ஆட்டின் மயிர் 20 மைக்ரோமீற்றர் அளவே இருப்பதால் வளைந்துவிடுகிறது. கம்பளி அரிப்பது நம் தோலின் குற்றமும் அல்ல, கம்பளியின் குற்றமும் அல்ல. எல்லாம் பருமனில் இருக்கிறது.

பகலில் சட்டைக்கு மேலே போட்டுக்கொள்ளும்போது அரிப்பு பெரிதில்லை. இரவில் பிள்ளைகளுக்குப் போர்த்தும்போதுதான் தொல்லை. பிள்ளைகள் உதைத்துத் தள்ளிவிடுவார்கள். மழைக்கு உதவாத அளவுக்குத் தேய்ந்துபோன கம்பளியை அப்பாயியும் அவர் தங்கையும் எடுத்து, இரண்டு பக்கமும் பழஞ்சேலைகளை வைத்துத் தைத்தார்கள். நூறு தடவை துவைத்த பருத்தி, கஞ்சியெல்லாம் போய், குழந்தையின் கன்னம்போல மெத்தென்று இருக்கும். தைக்கக் கடைநூல் வாங்கவில்லை. சேலைக் கரையிலிருந்து உருவிய நூலையே ஊசியில் கோத்தார்கள். சாதாரண ஓட்டுத் தையல்தான். ஊசி உள்ளே போகும், வெளியே வரும், உள்ளே போகும். ஆனால் விரலிடை தூரத்தில் வரிவரியாக முழுப் போர்வையும் அப்படித் தைத்திருக்கிறது. அந்த வரிகளுக்கு நடுவே துணி லேசாக உப்பிக்கொண்டு நிற்கும். ஒவ்வோர் உப்பலும் ஒரு காற்றறை. அடுக்குகளும் வழுக்கி ஒரு பக்கம் குவியாது.

வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி, கரை நூலாலேயே தைக்கும் 'காந்தா' போர்வை உலகப் புகழ் பெற்றது. ஜப்பானிய விவசாயக் குடும்பங்கள் கந்தல்மேல் கந்தல் ஒட்டித் தைத்த 'போரோ' துணிகளை இன்று அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். வங்காளத்து ஆயாவையும் ஜப்பானியப் பாட்டியையும் அப்பாயிக்குத் தெரியாது. ஒரு தடித்த துணியைவிட, அதே எடையில் பல மெல்லிய துணிகளை அடுக்கினால் கூடுதல் காற்று சிக்கும் என்பது மட்டும் மூவருக்கும் தெரிந்திருந்தது. நீங்களும் பார்க்கலாம். இரண்டு குவளைகளில் ஒரே சூட்டில் வெந்நீர் ஊற்றுங்கள். ஒன்றை ஒரு துவாயால் இறுக்கிச் சுற்றுங்கள். மற்றதை அதே எடையுள்ள பழைய மெல்லிய துணிகளால் அடுக்கடுக்காகத் தளர்த்திச் சுற்றுங்கள். மூடி போட மறக்காதீர்கள். கால்மணிக்கு ஒருமுறை அளந்து எழுதுங்கள்.

இனி அந்தக் கருப்பு வட்டம்.

அவள் அதை முதலில் மை என்றாள். அது பாதி சரி. லயத்துக் காம்பராவின் சுவரில் ஓர் இரும்பாணி இருந்தது. வேலை முடிந்து வந்ததும் அப்பாயி கம்பளியை அதில்தான் மாட்டுவார். போர்வையான பிறகும் பகலில் அதற்கு அந்த ஆணிதான் இடம். ஆணி துருப்பிடித்திருந்தது. அப்பாயியின் விரல்களில் எப்போதும் கொழுந்துச் சாறு. தேயிலையில் தனின் என்று சொல்லும் துவர்ப்புப் பொருட்கள் நிறைய உண்டு. காற்றுப் பட்டால் அவை பழுப்பாகும். கொழுந்து பறிப்பவர்களின் விரல்கள் கறுத்திருப்பது அதனால்தான். அந்தத் துவர்ப்பு துருவைச் சந்தித்தால் பழுப்பு போய் நீலக்கருப்பாகும். பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவில் எழுதப் பயன்படுத்திய மையும் இதே சேர்க்கைதான், தேயிலைக்குப் பதிலாகக் கருவாலி மரத்தில் பூச்சி கட்டிய காய்களைச் சேர்த்தார்கள்.

ஒரு குவளை சாயம் கூடிய பிளேன்டீயில் துருப்பிடித்த ஆணியைப் போட்டு வைத்தோம். மறுநாள் தேநீர் கரும்பலகை நிறத்தில் இருந்தது. எலுமிச்சம்புளி பிழிந்ததும் கறுப்பு வெளிறத் தொடங்கியது. புளியின் அமிலம் இரும்பைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. (அந்தத் தேநீரை யாரும் குடித்துவிடக் கூடாது.) "அப்ப போர்வைக் கறையிலயும் எலுமிச்சம்புளி போடலாமா?" என்று கேட்டாள். போடலாம், போகும். ஆனால் அந்தக் கறை அப்பாயியின் கை. நான் விடமாட்டேன்.

இன்னோர் இடத்தில் ரோசா நிறத்தில் வழுவழுப்பான ஒட்டு ஒன்று. சுற்றிலும் பருத்தி வெளுத்துப் போயிருக்க, அது மட்டும் நேற்று வாங்கியதுபோல் பளிச்சென்று இருந்தது. அது நைலெக்ஸ் என்ற நைலோன் சேலை. நைலோன் இழையை அமெரிக்காவில் வாலஸ் கரோதர்ஸ் முதன்முதலில் உருவாக்கியது 1935 இல். மலைநாட்டுப் பெண்கள் அதை உடுத்தத் தொடங்கியது அதற்கு வெகுகாலம் பிறகு. ஆகவே இந்த ஒட்டு போர்வையைவிட இளையது என்று அடித்துச் சொல்லலாம். தொல்லியலாளர்கள் மண்ணடுக்கை வைத்து வயது சொல்வது இப்படித்தான். ஒட்டின் ஓரத்திலிருந்து ஒரு நூல், சேலையில் ஒன்று, கம்பளியில் ஒன்று என மூன்றை இடுக்கியில் பிடித்து நானே எரித்துக் காட்டினேன் (நீங்கள் பெரியவர்கள் துணையில்லாமல் செய்யாதீர்கள்). பருத்தி காகித வாசத்தோடு எரிந்து மெல்லிய சாம்பலானது. நைலோன் உருகிக் குண்டுமணியானது. கம்பளி சுருங்கி, மயிர் கருகும் நாற்றத்தோடு தானே அணைந்துவிட்டது.

மேலே மூடிக்கொண்டால் போதுமா? கீழே சிமெந்துத் தரை இருக்கிறதே! படுக்கும் உடம்பு தரையோடு அமுங்கிக் கிடப்பதால் அடியில் இருக்கும் துணியின் காற்றெல்லாம் நசுங்கி வெளியேறிவிடும். தரை வெப்பத்தை உறிஞ்சும். அதனால் போர்வை பாதி, பாய் பாதி.

பாய் என்றதும் எங்கள் குண்டசாலைப் பிரிவிலேயே இருக்கும் ஹேனவல கிராமத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. அங்கே நெய்யும் தும்பறைப் பாய் இப்போது படுப்பதற்கு அல்ல, சுவரில் மாட்டுவதற்கு. 'தும்பற ரட்டா கலால' என்று சிங்களத்தில் சொல்வார்கள். 'ஹண' என்ற செடியின் கத்திபோன்ற இலையை மரக்கட்டையில் வைத்துச் சுரண்டினால் சதை வழிந்துபோய், இலையை நிமிர்த்திப் பிடித்திருந்த நார்கள் மட்டும் பட்டுப்போல மிஞ்சும். அந்தச் செடி பகலில் தன் இலைத் துளைகளை மூடிக்கொண்டு, இரவில்தான் திறந்து காற்றை உள்ளே எடுக்கும். தண்ணீரைச் சேமிக்கும் தந்திரம் அது. நாரைச் சிவப்பாக்கப் பதங்கி மரச்சீவல், மஞ்சளாக்க மரமஞ்சள். யானை, மான், பறவை உருவங்களை வரைபடம் இல்லாமல், இழைகளை எண்ணி எண்ணியே தறியில் கொண்டுவருவார்கள். நெய்பவர்கள் கின்னர சமூகத்தார். சாதி அடுக்கில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தவர்கள், கண்டி அரசர்களின் மாளிகைக்குப் பாய் நெய்து கொடுத்தவர்கள். 2021 இல் யுனெஸ்கோ இந்தக் கைவினையை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

அதற்கு நூறாண்டுக்கு முன்பே கண்டி நாட்டுக் கைவினைகளைத் தேடித் தேடி எழுதியவர் ஆனந்த குமாரசுவாமி. அவருடைய பெரிய நூல் 1908 இல் வந்தது. தமிழ்த் தந்தைக்குப் பிறந்த அவர் முதலில் பாறைகளை ஆராய்ந்த விஞ்ஞானி, தோரியனைற்று என்ற கனிமத்தை 1904 இல் உலகுக்குக் காட்டியவர். கல்லை உற்றுப் பார்த்த கண், பாயையும் உற்றுப் பார்த்தது.

ஆட்டின் உடம்பு, பருத்தி விதை, ஹண இலை. மூன்றும் தங்கள் தேவைக்கு வளர்த்த இழைகள்தாம் நம் படுக்கைக்கு வந்தன.

கடைசியாக, வெட்டிய ஓரம். அவள் அதைக் கேட்பாள் என்று எனக்குத் தெரியும். சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கும் என்பதும் தெரியும்.

1948 இல் கொண்டுவந்த சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதியைப் பிறகு பேசலாம் என்று. ஒரே லயத்தில் அக்காவுக்கு ஒரு நாடு, தங்கைக்கு ஒரு நாடு. அப்பாயிக்கு இலங்கை கிடைத்தது. அவர் தங்கைக்கு, எங்கள் சின்ன அப்பாயிக்கு, இந்தியா. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் போய், அங்கிருந்து நீலகிரி. தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கவென்று தமிழ்நாடு அரசு 1968 இல் அங்கே தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியிருந்தது. மறுபடியும் கொழுந்து, மறுபடியும் குளிர்.

போர்வையைத் தைத்தவர்கள் இரண்டு பேர். புறப்படுவதற்கு முதல்நாள் இரவு அதை நடுவே வெட்டினார்கள். வெட்டிய ஓரத்தை அப்பாயி கடைசிவரை மடித்துத் தைக்கவே இல்லை.

பாதிப் போர்வைக்குள் என் அப்பாவும் சித்தப்பாவும் எப்படிப் படுத்தார்கள் என்று கேட்டாள். முழங்காலை வயிற்றோடு ஒட்டிச் சுருண்டு, ஒருவர் முதுகோடு ஒருவர் ஒட்டித்தான். சுருண்டால் காற்றுக்குக் காட்டும் தோலின் பரப்பு குறையும். இரண்டு பேர் ஒட்டிக்கொண்டால் இன்னும் குறையும். குளிரில் பூனை பந்தாகிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

அன்று இரவு அவள் அந்தப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, வெப்பமானியை மடியருகே வைத்துப் படுத்தாள். விடிந்ததும் என்னை எழுப்பினாள். மேசைமேல் 19. போர்வைக்குள் 32. குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டவள், நீலகிரியின் கோத்தகிரியில் இருக்கும் சின்ன அப்பாயியின் பேத்தியின் தொலைபேசி எண்ணைக் கேட்டாள். அங்கேயும் ஒரு வெப்பமானியும் பாதிப் போர்வையும் இருக்கின்றன அல்லவா?

கோத்தகிரி நம்மைவிட ஆயிரம் மீற்றருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. இரண்டு நாள் கழித்துக் குரல் செய்தி வந்தது. பின்னால் சேவல் கூவுவது கேட்டது. "அறைக்குள்ள 12, போர்வைக்குள்ள 31 பாப்பா. எங்க போர்வையிலயும் ஒரு ஓரம் தைக்காமதான் இருக்கு. அது ஏன்னு உனக்குத் தெரியுமா?"